கோட் போடாதவர்களின் கட்சி... ஒரு வசைச் சொல் அர்ஜென்டினாவின் அடையாளமான கதை!

ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். பியூனஸ் அயர்ஸ் நகரின் நடுவே இருக்கிற பிளாசா டி மாயோ சதுக்கத்தில், நீரூற்றின் விளிம்பில் வரிசையாகச் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெகுதூரம் நடந்து வந்த கால்கள். தேதி, 1945 அக்டோபர் 17.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால், அந்தக் காலத்து பியூனஸ் அயர்ஸ் நம் கற்பனைக்கு எட்டாத அளவுக்கு மிடுக்கான ஊர். தென் அமெரிக்காவின் பாரிஸ் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நகரின் மையப் பகுதிக்குப் போகிற ஆண்கள் கோட், டை இல்லாமல் போக மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஜனாதிபதி மாளிகைக்கு எதிரிலேயே, வியர்த்து வழிகிற சட்டையோடு வந்து நீரூற்றில் காலை விட்டு உட்கார்ந்தால்? நகரத்துப் பெரியவர்களுக்கு அது அருவருப்பு. உட்கார்ந்தவர்களுக்கோ, வாழ்க்கையில் முதல்முறையாக ‘இந்த இடமும் நம்முடையதுதான்’ என்று தோன்றிய நாள்.

அர்ஜென்டினா என்றால் நமக்கு மாரடோனா, மெஸ்ஸி. கொஞ்சம் வயதானவர்களுக்கு மடோனா நடித்த ‘எவிட்டா’ படம் நினைவிருக்கும். ஆனால், அரசியல் படிப்பவர்களுக்கு அர்ஜென்டினா ஒரு பாடப்புத்தகம். ‘பாப்புலிசம்’ என்ற சொல்லை இங்கே பெரும்பாலும் இலவச அறிவிப்புகளைக் கிண்டலடிக்கத்தான் பயன்படுத்துகிறோம். அதற்குள் இருக்கும் பெரிய கேள்வி வேறு. ஒருவர் திடீரென்று ‘நான் இந்தக் கட்சிக்காரன்’ என்று எப்படி ஆகிறார்? தலைவர் போன பிறகும், கொள்கை மாறிய பிறகும், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அது எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது?

தீவில் அடைக்கப்பட்ட கர்னல்

ஹுவான் டொமிங்கோ பெரோன் ஒரு ராணுவ கர்னல். 1943 ஜூனில் நடந்த ராணுவப் புரட்சியில் பங்கெடுத்தவர். ஆட்சி கைக்கு வந்ததும் கூட்டாளிகள் பெரிய பதவிகளுக்கு முட்டிமோத, பெரோன் யாரும் சீந்தாத தொழிலாளர் துறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புத்திசாலித்தனமான தேர்வு.

1930-களின் பொருளாதார மந்தத்தில் விவசாயம் படுத்துவிட, உள்நாட்டு மாகாணங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தலைநகரைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகளுக்குப் பிழைப்புத் தேடி வந்திருந்தார்கள். மாநிறத் தோலும் கறுத்த முடியும் கொண்டவர்கள். ஐரோப்பிய வம்சாவளி நகரவாசிகள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘கபேசிட்டா நெக்ரா’. கறுப்புத் தலையன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரில் ஒரு சின்னக் குருவியும் அங்கே உண்டு.

பெரோன் அவர்களுடைய சங்கத் தலைவர்களைத் தன் அலுவலகத்துக்கே கூப்பிட்டுப் பேசினார். தொழிலாளர் நீதிமன்றம் வந்தது. பண்ணைக் கூலிகளுக்கான உரிமைச் சட்டம் 1944-ல் வந்தது. சம்பளத்தோடு விடுமுறை பலருக்கும் கிடைத்தது. இவற்றில் பலவும் சோஷலிஸ்ட்டுகள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவைதான். கேட்டவர்கள் ஒருவர், கொடுத்தவர் இன்னொருவர். பெயர் யாருக்குப் போகும் என்று சொல்லவா வேண்டும்?

அவருடைய செல்வாக்கு வளர்வதைப் பார்த்து சக ராணுவ அதிகாரிகள் பயந்தார்கள். 1945 அக்டோபர் 9-ம் தேதி பதவி பறிபோனது. சில நாள்களில் கைது செய்து மார்ட்டின் கார்சியா என்ற தீவுக்குக் கொண்டுபோனார்கள். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தொழிற்சங்கக் கூட்டமைப்பு 18-ம் தேதி வேலைநிறுத்தம் என்று அறிவித்தது. தொழிலாளர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 17-ம் தேதி காலையிலேயே பெரிஸோவின் இறைச்சிப் பதப்படுத்தும் ஆலைகளிலிருந்தும் அவெல்லானேடாவின் தொழிற்சாலைகளிலிருந்தும் கூட்டம் கிளம்பிவிட்டது. தலைநகருக்குள் வர ரியாச்சுவேலோ ஆற்றைத் தாண்ட வேண்டும். போலீஸ் பாலங்களைத் தூக்கிவிட்டது. கிடைத்த படகில் ஏறி வந்தார்கள் பலர். அந்தக் கலங்கிய ஆற்றில் நீந்தி வந்தவர்களும் உண்டு. அன்றைக்கு ராத்திரி 11 மணி வாக்கில், வேறு வழியில்லாமல் பெரோனை மாளிகையின் பால்கனிக்கு அழைத்து வந்தார்கள். கீழே ஜனக்கடல்.

சட்டை இருந்தது, கோட்தான் இல்லை!

மறுநாள் எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் வந்தவர்களை ரௌடிக் கூட்டம் என்றன. உழைப்பவர்களின் குரல் நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்ட சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் ஏடுகளும் அதே பாட்டுதான். உண்மையான தொழிலாளி இப்படி ஆட்டம் போட மாட்டான் என்பது அவர்கள் வாதம். அந்த ஏச்சுகளில் ஒன்றுதான் ‘டெஸ்கமிஸாடோ’. அதாவது, சட்டையில்லாதவன். பழைய புகைப்படங்களைப் பார்த்தால் பெரும்பாலானோர் சட்டை போட்டுத்தான் இருக்கிறார்கள். கோட்தான் இல்லை.

பெரோனும் அவரது ஆதரவாளர்களும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தேர்தல் பிரசாரத்தில் பெரோன் கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேடையேறினார். ‘ஆமாம், நாங்கள் சட்டையில்லாதவர்கள்தான். அதற்கென்ன?’ என்ற தோரணை. வசை பட்டமாக மாறியது.

எதிரணியில் ராடிக்கல் கட்சி, சோஷலிஸ்ட்டுகள், கம்யூனிஸ்ட்டுகள் எல்லோரும் சேர்ந்து ‘ஜனநாயக ஐக்கியம்’ என்று கூட்டணி கட்டினார்கள். அமெரிக்கத் தூதராக இருந்த ஸ்ப்ருயில் பிரேடன் வெளிப்படையாகவே பெரோனை எதிர்த்தார். தேர்தலுக்குச் சில நாள்கள் முன்பு, பெரோன் தரப்பு நாஜிகளோடு தொடர்பு வைத்திருந்ததாக அமெரிக்க அரசு ஓர் அறிக்கையே வெளியிட்டது. பெரோனுக்கு இதைவிட நல்ல பரிசு கிடைத்திருக்காது. ‘பிரேடனா, பெரோனா?’ என்று சுவரெல்லாம் எழுதினார்கள். மூன்றே வார்த்தையில் தேர்தல் முடிந்துவிட்டது. 1946 பிப்ரவரி 24 தேர்தலில் சுமார் 53 சதவிகித வாக்குகளோடு பெரோன் ஜனாதிபதி ஆனார்.

வேறு வேறு குறை... ஒரே பெயர்

இப்படி ஒரு கூட்டம் எப்படி உருவாகிறது? அறிஞர்கள் பலகாலமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இத்தாலியின் பாசிச ஆட்சியிலிருந்து தப்பி அர்ஜென்டினாவில் குடியேறிய சமூகவியலாளர் ஜினோ ஜெர்மானி, கிராமத்திலிருந்து புதிதாக வந்த, அரசியல் பழக்கமில்லாத மக்கள் ஒரு வலுவான தலைவரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்றார். 1971-ல் மிகுவேல் முர்மிஸ், ஹுவான் கார்லோஸ் போர்ட்டான்டியேரோ இருவரும் அதை மறுத்தார்கள். பழைய, அனுபவமுள்ள தொழிற்சங்கங்களும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பெரோனோடு சேர்ந்தன என்று காட்டினார்கள். அதாவது, ஏமாந்து போன கூட்டம் இல்லை. தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்தே போன கூட்டம்.

பியூனஸ் அயர்ஸில் பிறந்து, பிறகு இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய எர்னஸ்டோ லக்லாவ் (1935 - 2014) சொன்னது இன்னும் சுவாரஸ்யம். 2005-ல் வெளியான அவரது புத்தகம், பாப்புலிசத்தைத் திட்டாமல் புரிந்துகொள்ளப் பார்த்தது. எளிமையாகச் சொன்னால் இதுதான். ஒருவருக்குக் கூலிப் பிரச்னை. இன்னொருவருக்குக் குடிதண்ணீர். மூன்றாமவருக்கு வீட்டு வாடகை. ஒவ்வொன்றையும் அரசு தனித்தனியாகத் தீர்த்துவிட்டால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எதுவும் தீரவில்லை என்றால்? மூன்று பேரும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ‘உனக்குமா?’ என்கிறார்கள். அந்தக் கணத்தில் ‘நாம்’ பிறக்கிறது. எதிரில் ‘அவர்கள்’ என்று ஒரு தரப்பும் பிறக்கிறது.

அந்த ‘நாம்’ நிற்பதற்கு ஒரு பெயர் வேண்டும். பெயருக்குக் கீழே குறைகள் சேரச் சேர, பெயருக்கென்று இருந்த தனி அர்த்தம் கரைந்துகொண்டே போகும். கடைசியில் அது ஒரு காலிப் பாத்திரம். அவரவர் தங்கள் விருப்பத்தை அதில் ஊற்றிக்கொள்ளலாம். ‘பெரோன்’ அப்படி ஒரு பெயர். 1960-களில் பியூனஸ் அயர்ஸ் தெருக்களில் அரசியல் வேலை பார்த்தபோதே இதைக் கற்றுக்கொண்டதாக லக்லாவ் பிற்பாடு சொன்னார்.

எவிட்டா என்ற முகம்

கூலி உயர்வு சரி. ஆனால், கூலியை வைத்து மட்டும் ஓர் ஆட்சியை மூன்று தலைமுறை நினைவில் வைத்திருப்பார்களா? அங்கேதான் எவா பெரோன் வருகிறார். லாஸ் டோல்டோஸ் என்ற சிற்றூரில், அப்பா அம்மாவுக்கு முறையாகத் திருமணம் ஆகாத குடும்பத்தில் 1919-ல் பிறந்தவர். ரேடியோ நாடக நடிகை. 1945 அக்டோபரில், அந்த 17-ம் தேதிக்குச் சில நாள்கள் கழித்து, பெரோனைத் திருமணம் செய்துகொண்டார். மேல்தட்டுப் பெண்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

1948-ல் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அதற்கு முன்பு அங்கே ஏழைகளுக்கு உதவி என்றால், பணக்காரச் சீமாட்டிகள் நடத்திய தர்ம சங்கம்தான். அங்கே கை நீட்டி வாங்கியவர்கள், இங்கே ‘இது உன் உரிமை’ என்ற வார்த்தையைக் கேட்டார்கள். எவா மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சந்தித்தார். தையல் மெஷின், பொய்ப்பல், வீடு, மருத்துவம் என்று கேட்டது கிடைத்தது. நிதி வந்த வழியில் கேள்விகள் உண்டு. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தந்த ‘நன்கொடை’ எல்லாம் மனமுவந்து வந்ததில்லை. ஆனாலும் வாங்கியவர்களின் நினைவில் பொருளைவிட மரியாதைதான் அதிகம் நின்றது.

1947 செப்டம்பரில் பெண்களுக்கு வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. இதற்காகப் பெண்ணிய இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடியிருந்தன. ஆனால், ரேடியோவில் அதை அறிவித்தவர் எவா. 1951 நவம்பரில் அர்ஜென்டினாப் பெண்கள் முதல்முறையாக தேசியத் தேர்தலில் வாக்களித்தார்கள். பெரோன் 60 சதவிகிதத்துக்கும் மேல் வாங்கினார். புற்றுநோயால் படுத்துவிட்ட எவா, மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே வாக்குப்பெட்டியில் சீட்டைப் போட்டார். 1952 ஜூலை 26, இரவு 8.25 மணிக்கு இறந்தபோது வயது 33.

மக்கள் யார், மக்களில்லாதவர் யார்?

இதுவரை படித்தால் இனிப்பான கதைதான். கசப்பு இதே கதைக்குள் இருக்கிறது.

அக்டோபர் 17 ஊர்வலத்துக்கு ஆள் திரட்டியவர்களில் முக்கியமானவர் சிப்ரியானோ ரேயஸ். பெரிஸோ இறைச்சி ஆலைத் தொழிலாளி. பெரோன் தேர்தலில் நின்றதே ரேயஸும் மற்ற சங்கத் தலைவர்களும் கட்டிய தொழிலாளர் கட்சியின் சார்பில்தான். ஜெயித்த சில மாதங்களில் அந்தக் கட்சியைக் கலைக்கச் சொன்னார் பெரோன். ரேயஸ் முடியாது என்றார். 1948-ல் பெரோனைக் கொல்லச் சதி செய்ததாகக் கைதானார். பெரோன் ஆட்சி கவிழ்ந்த 1955 வரை அவர் சிறையில்தான் இருந்தார். பெரோனை பால்கனிக்குக் கொண்டுவந்த மனிதருக்கே இந்த கதி!

தலைவரே மக்கள் என்றாகிவிட்டால், தலைவரை எதிர்ப்பவர் மக்களின் எதிரி. கணக்கு அவ்வளவு எளிது. எதிர்க்கட்சித் தலைவர் ரிக்கார்டோ பால்பின் 1950-ல் சிறைக்குப் போனார். பாரம்பரியமிக்க ‘லா பிரென்ஸா’ நாளிதழை 1951-ல் அரசு பறித்து தொழிற்சங்கத்திடம் கொடுத்தது. எவாவின் சுயசரிதை பள்ளிகளில் பாடமானது. ஒரு மாகாணத்துக்கு பெரோன் பெயர், இன்னொரு மாகாணத்துக்கு எவா பெயர், லா பிளாட்டா நகருக்கும் எவா பெயர். எழுத்தாளர் போர்ஹெஸை நூலக வேலையிலிருந்து சந்தையில் கோழி, முயல் பரிசோதிக்கும் வேலைக்கு மாற்றியதாக அவரே சொல்லிவந்தார்.

எதிர்த்தரப்பு மட்டும் சளைத்ததா? 1947-ல் நாடாளுமன்றத்தில் எர்னஸ்டோ சம்மார்ட்டினோ என்ற ராடிக்கல் உறுப்பினர், பெரோன் ஆதரவாளர்களை ‘விலங்குகளின் வெள்ளம்’ என்றார். ஒரு தரப்பு இன்னொரு தரப்பை மனிதராகவே பார்க்கவில்லை. 1955 ஜூன் 16-ல் பெரோனைக் கொல்வதற்காகக் கடற்படை விமானங்கள் பிளாசா டி மாயோவில் குண்டு போட்டன. 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். அன்றிரவு பெரோன் ஆதரவாளர்கள் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். ஆகஸ்ட் 31-ல் அதே பால்கனியிலிருந்து பெரோன், நம்மில் ஒருவர் விழுந்தால் அவர்களில் ஐந்து பேர் விழ வேண்டும் என்று பேசினார். செப்டம்பரில் ராணுவம் அவரைத் துரத்தியது.

பெயரைச் சொன்னால் ஜெயில்

புதிய ராணுவ அரசு ஒரு வேலை செய்தது. 1956 மார்ச்சில் ஒரு உத்தரவு. பெரோன், எவா பெயரைப் பொதுவில் சொல்லக் கூடாது. படம் வைக்கக் கூடாது. கட்சிப் பாட்டு பாடக் கூடாது. ‘பெரோனிசம்’ என்ற சொல்லே கூடாது. மீறினால் சிறை. பத்திரிகைகள் பெரோனை ‘தப்பியோடிய கொடுங்கோலன்’ என்று எழுதின. பதப்படுத்தி வைத்திருந்த எவாவின் உடலையே ராணுவத்தினர் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் இத்தாலியின் மிலான் நகரில் வேறொரு பெண்ணின் பெயரில் புதைத்தார்கள். 1971-ல்தான் அந்த உடல் ஸ்பெயினில் இருந்த பெரோனிடம் வந்து சேர்ந்தது.

உடலைக் கண்டு பயந்த அரசு, பெயரை அழிக்க முடியும் என்று நம்பியது வேடிக்கை.

1957 ஜூலையில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல். பெரோன் கட்சிக்குத் தடை. அவருடைய ஆட்கள் வாக்குச்சாவடிக்குப் போய் வெற்றுச் சீட்டைப் போட்டார்கள். எண்ணிப் பார்த்தால், எந்தக் கட்சியையும்விட வெற்றுச் சீட்டுகள்தான் அதிகம். சுமார் 24 சதவிகிதம். லக்லாவ் சொன்ன ‘காலிப் பாத்திரம்’ நிஜமாகவே வாக்குப்பெட்டிக்குள் விழுந்தது! ஆட்சியில் இருந்த கடைசி ஆண்டுகளில் பெரோன் மீது சொந்தத் தொழிலாளர்களுக்கே சலிப்பு வந்திருந்தது. 1952-ல் கோதுமை விளையும் நாட்டில் தினை கலந்த கறுப்பு ரொட்டி தின்ன வேண்டியிருந்தது. தடை அந்தச் சலிப்பையெல்லாம் துடைத்துவிட்டது.

எஸேய்ஸாவில் வெடித்த துப்பாக்கி

பெரோன் 18 ஆண்டுகள் வெளிநாட்டில். ஆள் கண்ணில் படாததால், அவரவர் தங்களுக்குப் பிடித்த பெரோனைக் கற்பனை செய்துகொண்டார்கள். கியூபப் புரட்சியைப் பார்த்து வளர்ந்த இளைஞர்களுக்கு அவர் சோஷலிஸ்ட். மொண்டனேரோஸ் என்ற ஆயுதக் குழு அவர்களுடையது. பழைய தொழிற்சங்கத் தலைவர்களுக்கோ அவர் கம்யூனிசத்தைத் தடுக்க வந்த தேசியவாதி. மாட்ரிட்டிலிருந்து கடிதமும் ஒலிநாடாவும் அனுப்பிய பெரோன், இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

1973 ஜூன் 20. அவர் நிரந்தரமாகத் திரும்பும் நாள். எஸேய்ஸா விமான நிலையத்தருகே மாபெரும் கூட்டம். மேடையைப் பிடித்துக்கொண்டிருந்த வலதுசாரி ஆட்கள், வந்துகொண்டிருந்த இடதுசாரி இளைஞர்களைச் சுட்டார்கள். குறைந்தது 13 பேர் இறந்தார்கள். சுட்டவர்கள் வாயிலும் செத்தவர்கள் வாயிலும் இருந்தது ஒரே பெயர்.

மீண்டும் ஜனாதிபதியான பெரோன், 1974 மே தினக் கூட்டத்தில் பால்கனியிலிருந்தே அந்த இளைஞர்களை மீசை முளைக்காத முட்டாள்கள் என்ற பொருளில் திட்டினார். அவர்கள் சதுக்கத்தைப் பாதி காலி செய்துவிட்டு வெளியேறினார்கள். இரண்டு மாதத்தில், ஜூலை 1-ல் பெரோன் இறந்தார். 1976 மார்ச்சில் ராணுவம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் ‘காணாமல்’ போனார்கள். அந்த இளைஞர்களில் பலரும் அதில் அடக்கம்.

விற்றவரும் அவர்களே, வாங்கியவரும் அவர்களே

பிறகும் பெயர் சாகவில்லை. 1989-ல் பெரோன் கட்சியின் கார்லோஸ் மெனம் ஜனாதிபதி ஆனார். தொலைபேசி, விமான நிறுவனம், எண்ணெய் நிறுவனம் என்று அரசுச் சொத்துகளைத் தனியாருக்கு விற்றார். அதே கட்சியின் கிறிஸ்டினா கிர்ச்னர் 2008-ல் விமான நிறுவனத்தையும், 2012-ல் எண்ணெய் நிறுவனத்தையும் மீண்டும் அரசுடைமை ஆக்கினார். இரண்டு முறையும் கட்சிக்காரர்கள் ஒரே பாட்டைப் பாடிக் கைதட்டினார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளை ‘பெரோனிய நாள்’ என்று சொல்லும் ஊர் அது. கொள்கை விளக்கக் குறிப்பெல்லாம் படித்துவிட்டா அந்த உறவு வருகிறது?

நாட்டை இரண்டாகப் பிளக்கும் கோட்டுக்கு இப்போது அங்கே ‘லா கிரியேட்டா’ என்று பெயர். பிளவு, விரிசல் என்று அர்த்தம். குடும்பத்தில் சாப்பாட்டு மேஜைச் சண்டை வரைக்கும் இந்த வார்த்தை வந்துவிட்டது.

2023-ல் விலைவாசி உயர்வு 200 சதவிகிதத்தைத் தாண்டியது. ஹாவியர் மிலேய் என்ற பொருளாதார நிபுணர் கையில் சங்கிலி ரம்பத்தோடு ஊர் ஊராகப் போனார். அரசுச் செலவை அறுத்துத் தள்ளுவேன் என்றார். பெரோனுக்கு நேரெதிரான கொள்கை. ஆனால் கதையின் கட்டமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் உழைத்து ஓய்ந்த நல்லவர்கள், மறுபக்கம் அவர்களைச் சுரண்டும் அரசியல்வாதிக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் ‘லா காஸ்டா’. ஜாதி என்றே மொழிபெயர்க்கலாம். வாடகை கட்ட முடியாதவர், டாலர் வாங்க முடியாதவர், வேலைக்கு உத்தரவாதம் இல்லாமல் டெலிவரி பைக் ஓட்டுபவர் எல்லோரும் ஒரே பெயருக்குக் கீழே வந்தார்கள். நவம்பர் 19-ல் நடந்த இறுதிச் சுற்றில் மிலேய் 55.7 சதவிகிதம் வாங்கினார். 24 மாவட்டங்களில் 21 அவருக்கு. அதில் பரம்பரை பரம்பரையாக பெரோன் கட்சி ஜெயித்த மாகாணங்களும் உண்டு.

மிச்சம் 44 சதவிகிதம் பேர் அந்தப் பொருளாதாரச் சீரழிவுக்கு நடுவிலும் பெரோன் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்தார்கள். அதுவும் அப்போது பொருளாதார அமைச்சராக இருந்த செர்ஜியோ மாஸாவுக்கே!

2025 ஜூன் 10-ல் கிறிஸ்டினா கிர்ச்னர் மீதான ஊழல் வழக்கில் ஆறாண்டுச் சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தேர்தலில் நிற்க ஆயுள் தடை. வயது 72 என்பதால் வீட்டுக் காவல். பியூனஸ் அயர்ஸில் அவரது அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கீழே, தெருவில் ஜனங்கள் கூடிவிட்டார்கள். பழைய பாட்டு ஒலித்தது. கிறிஸ்டினா இரண்டாம் மாடியின் சின்ன பால்கனிக்கு வந்து கையசைத்தார். எதிர் வீடுகளில் சிலர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். பால்கனிக்கு எத்தனை முறை வரலாம் என்பதும் நீதிமன்றத்தில் வாதமானது.